அரிதான ஸ்பானியக் குடும்பப் பெயரின் வேரும் எண்ணிக்கையும்: அஸ்பில்குவேட்டாவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்த புனித சவேரியாரின் தந்தை பெயர் ஹுவான் தே ஹாஸோ. தாயார் மரியா தே அஸ்பில்குவேட்டா. 1506-ல் நவார் நாட்டின் (இன்று ஸ்பெயினின் வடக்கே ஒரு மாகாணம்) ஹவியேர் கோட்டையில் பிறந்த கடைசிப் பிள்ளையான சவேரியார், கோட்டையின் பெயரால் பிரான்சிஸ்கோ தே ஹவியேர் ஆனார். அவருடைய அண்ணன் ஒருவர் தாயின் பெயரை எடுத்துக்கொண்டு ஹுவான் தே அஸ்பில்குவேட்டா என்றே அறியப்பட்டார். கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே பெயர் ஒத்துப்போகவில்லை. ஹாஸோ, ஹவியேர், அஸ்பில்குவேட்டா மூன்றுமே ஊர்ப்பெயர்கள்.

ஸ்பானியக் குடும்பப் பெயர் ஆராய்ச்சியில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான். "இந்தப் பெயரைத் தொடங்கிவைத்த மூதாதை யார்?" என்று தேடுகிறார்கள். அரிதான பெயர்களில் பெரும்பங்கு ஊரிலிருந்தோ வீட்டிலிருந்தோ வந்தவை. முதலில் இடத்தைப் பிடிக்க வேண்டும், ஆட்கள் அதற்குப் பிறகு. அஸ்பில்குவேட்டாவை எடுத்துக்காட்டாக வைத்து, இன்று எத்தனை பேர் என்று எண்ணுவதிலிருந்து பழைய ஏடுகள் வரை முறையாகப் பார்ப்போம். முதல் இரண்டு படிகளுக்கு ஒரு மாலை போதும். கடைசிப் படிகள் மாதக்கணக்கில் இழுக்கும்.

படி 1: எழுத்து வடிவங்களைத் திரட்டுங்கள்

எண்ணத் தொடங்குமுன் ஒரு தாளில் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்தவர்கள் சொல்லும் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருக்கும்.

அடிப்படை வடிவம்: ஏ-இசட்-பி-ஐ-எல்-சி-யு-இ-டி-ஏ. 'எல்'லுக்கும் 'சி'க்கும் நடுவே ஓர் 'ஐ' சேர்ந்தால் அஸ்பிலிக்குவேட்டா. கால்பந்து பார்ப்பவர்களுக்கு இது பழகிய வடிவம். 1989-ல் பாம்ப்லோனாவில் பிறந்த செசார் அஸ்பிலிக்குவேட்டாவின் பெயர் வாயில் நுழையாமல், செல்சி அணியில் அவரை 'டேவ்' என்றே கூப்பிட்டார்கள். இவ்விரண்டுமே காஸ்டிலிய (நாம் ஸ்பானியம் என்று சொல்லும் மொழியின்) எழுத்துமுறை. ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியின் தனி மொழியான பாஸ்க்கின் எழுத்துமுறையில் 'சி'யின் இடத்தில் 'கே' வரும். ஆக நான்கு வடிவங்கள். 'இசட்' ஒலியும் 'எஸ்' ஒலியும் லத்தீன் அமெரிக்காவில் ஒன்றாகிவிட்டதால், அங்கே 'எஸ்' போட்டு எழுதப்பட்டிருக்கலாம். அதையும் சேர்த்தால் எட்டு. பழைய கையெழுத்தில் 'இசட்' வர வேண்டிய இடத்தில் வால் போட்ட 'சி' நிற்கும். எண்ணிக்கைக்கு அது வேண்டாம், ஏடு படிக்கும்போது வேண்டும்.

வேறு பெயரைத் தேடுவோர் கவனிக்க வேண்டிய மாற்றங்கள்: 'பி'யும் 'வி'யும் இடம் மாறும். 'ஜே', 'ஜி', 'எக்ஸ்' மூன்றும் ஒன்றுக்கொன்று வரும். தொடக்கத்து 'எச்' போகும், வரும். பாஸ்க்கின் 'டி-எக்ஸ்' காஸ்டிலியத்தில் 'சி-எச்' ஆகும். முன்னொட்டாக 'தே', 'தெல்', 'தே லா' இருந்தால் அதோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை தேடுங்கள். பாஸ்க் மாகாணங்களில் ஒன்றான ஆலவாவில் தந்தைவழிப் பெயரோடு ஊர்ப்பெயரை ஒட்டிய கூட்டுப்பெயர்கள் ஏராளம் (ஒர்த்திஸ் தே உர்பினா போல). அவை தனிப் பெயராகவே பதிவாகும். ஊர்ப்பெயரை மட்டும் தேடினால் கண்ணில் படாது.

ஒரே குடும்பத்தில் அப்பா 'சி', மகன் 'கே' என்று இருப்பதைக் கண்டு இரண்டு குடும்பங்கள் என முடிவு கட்ட வேண்டாம். 1999-ம் ஆண்டின் 40-ம் எண் சட்டம், பெயரின் எழுத்தை உரிய மொழியின் இலக்கணத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் உரிமையைத் தெளிவாகவே கொடுத்தது. பாஸ்க், கட்டலான், கலீசியப் பெயர்களில் இந்த மாற்றம் சகஜம்.

படி 2: ஸ்பெயினில் எத்தனை பேர்

இதற்கு நம்பத்தக்க இடம் ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனம், சுருக்கமாக ஐ.என்.இ. அதன் இணையதளத்தில் குடும்பப் பெயர் தேடும் இலவசப் பக்கம் உண்டு. பெயரை அழுத்தக்குறிகள் இல்லாமல் தட்டுங்கள். ஆனால் அலைக்குறி போட்ட 'என்' இருந்தால் அதை வெறும் 'என்' ஆக்காதீர்கள், அது தனி எழுத்து.

மூன்று எண்கள் வரும்: முதல் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள், இரண்டாவதாகக் கொண்டவர்கள், இரண்டுமே அதுவாக இருப்பவர்கள். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். வழக்கமாக முதலாவது தந்தையுடையது, இரண்டாவது தாயுடையது. மூன்றாம் எண்ணில் உள்ளவர்கள் முதல் இரண்டிலும் ஏற்கெனவே எண்ணப்பட்டவர்கள். ஆகவே பெயரைச் சுமக்கும் மொத்தப் பேர் = முதல் + இரண்டாம் − இரண்டும். கணக்கு புரிவதற்காக மட்டும்: 120, 105, 1 என்று வந்தால் விடை 224. மூன்றையும் கூட்டி 226 என்று எழுதுவது பரவலாகக் காணப்படும் பிழை. அரிய பெயரில் வித்தியாசம் சிறியது. ஆனால் கார்சியா போன்ற பெயரில் (முதல் பெயராக மட்டும் 14 லட்சத்துக்கும் மேல்) கணக்கு பல்லாயிரக்கணக்கில் பிசகும்.

பட்டியலிட்ட ஒவ்வொரு வடிவத்துக்கும் இதையே செய்து கூட்டுங்கள். ஒருவருக்கு 'சி' வடிவம் முதல் பெயராகவும் 'கே' வடிவம் இரண்டாம் பெயராகவும் இருக்க வாய்ப்பு உண்டு. அரிதான பெயரில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எண்ணே வராமல் போனால்? நாடு முழுவதும் 20 பேருக்குக் குறைவானவர்கள் சுமக்கும் பெயரை ஐ.என்.இ. காட்டாது. மாகாண அளவில் அந்த வரம்பு 5 பேர். தனிநபர் மறைவைக் காக்க வைத்த விதி இது. எனவே "ஐ.என்.இ.யில் இல்லை" என்றால் "பெயர் அழிந்துவிட்டது" என்று பொருளல்ல, 0 முதல் 19 வரை எதுவாகவும் இருக்கலாம். அதே விதியால் மாகாண எண்களின் கூட்டல் நாட்டு மொத்தத்தை எட்டாது. இடைவெளியில் இருப்பவர்கள் மாகாணத்துக்கு ஐந்து பேருக்கும் குறைவாகச் சிதறிக் கிடப்பவர்கள். வரைபடத்தில் ஒரே ஒரு மாகாணம் மட்டும் நிறம் பூசி நின்றால், மற்ற இடங்களில் யாருமே இல்லை என்று படிக்கக் கூடாது.

மாகாண எண்களைத் தலை எண்ணிக்கையாகப் பார்க்காமல் ஆயிரத்துக்கு எத்தனை என்று பாருங்கள். அந்த விகிதத்தையும் அதே பக்கம் தருகிறது. காரணம் எளிது. நவாரில் ஏறக்குறைய 6.7 லட்சம் பேர், மத்ரித்தில் சுமார் 70 லட்சம். இரண்டு இடத்திலும் 60 பேர் இருப்பதாக வைத்துக்கொண்டால், நவாரில் ஆயிரத்துக்கு 0.09, மத்ரித்தில் 0.009. பத்து மடங்கு அடர்த்தி எங்கேயோ அங்கேதான் பெயரின் பிறப்பிடத்தைத் தேட வேண்டும். மத்ரித், பார்சிலோனா எண்கள் பெரும்பாலும் பிழைப்புத் தேடிப் போனவர்களின் சுவடு. அஸ்பில்குவேட்டா என்ற ஊர் இருக்கும் நவாரின் பாஸ்தான் பள்ளத்தாக்கிலிருந்து மத்ரித்துக்குப் போகிற வழக்கம் பழையது. அங்குள்ள அரிஸ்குன் கிராமத்தில் 1656-ல் பிறந்த ஹுவான் தே கோயெனெச்சே, 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்ரித் பக்கத்தில் ஓர் ஊரையே உண்டாக்கி அதற்கு 'புதிய பாஸ்தான்' என்று பெயர் வைத்தார். அது இன்றும் இருக்கிறது.

முதல் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் பயன் தரும். முதலாவது ஏறத்தாழ அந்தப் பெயர் கொண்ட ஆண்களின் பிள்ளைகள். இரண்டாவது பெண்களின் பிள்ளைகள். இரண்டாம் பெயர் அடுத்த தலைமுறையில் பொதுவாக உதிர்ந்துவிடும். எனவே முதல் எண் 25, இரண்டாம் எண் 60 என்ற வகையில் இருந்தால் அந்தப் பெயர் தேய்ந்துகொண்டிருக்கிறது. 2017 ஜூன் 30 முதல் தந்தையின் பெயருக்கு முன்னுரிமை சட்டத்தில் இல்லை, எது முன்னே என்று பெற்றோர் சேர்ந்து சொல்ல வேண்டும். அரிதான பெயர் தாய்வழியில் வந்தால் அதை முன்னே வைத்துக் காப்பாற்ற இப்போது வழி இருக்கிறது. அதற்கு முன்பே, 1999 சட்டத்தின்படியும், பெற்றோர் இருவரும் ஒத்துக்கொண்டால் வரிசையை மாற்ற முடிந்தது.

இந்த எண்ணிக்கையில் ஸ்பெயினில் குடியிருப்பவர்கள் மட்டுமே அடங்குவர். வெளிநாட்டில் வாழும் ஏறக்குறைய 30 லட்சம் ஸ்பானியக் குடிமக்கள் இதில் இல்லை.

படி 3: ஸ்பெயினுக்கு வெளியே

உலகப் பரவல் வரைபடம் போட்டு, நாடு நாடாக எண் கொடுக்கும் வணிகத் தளங்கள் பல உண்டு. அவற்றின் எண்கள் மாதிரிகளிலிருந்து பெருக்கிப் பெற்ற மதிப்பீடுகள். சில ஆயிரம் பேருக்கு மேற்பட்ட பெயருக்கு ஓரளவு ஒத்துவரும். 200 பேர் கொண்ட பெயருக்கு அதை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

அரசு மூலங்களே மேல். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 2000, 2010 கணக்கெடுப்புகளில் குறைந்தது 100 பேர் கொண்ட குடும்பப் பெயர்களின் பட்டியலை வெளியிட்டது. பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே, 1891 முதல் 2000 வரை பிறந்தவர்களின் பெயர்களைக் கோப்பாகத் தருகிறது. பாஸ்க் பெயர் தேடுவோர் பிரெஞ்சுக் கோப்பைத் தவறவிடக் கூடாது. பாஸ்தான் பள்ளத்தாக்கே பிரான்சின் எல்லையில்தான் இருக்கிறது. சவேரியாரின் தந்தைவழிப் பெயரான ஹாஸோவும் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள, இன்று பிரான்சில் சேர்ந்த, ஒரு சிற்றூரின் பெயர்.

பிலிப்பைன்ஸில் ஒரு பெரிய பொறி உண்டு. ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா 1849 நவம்பர் 21-ல் பிறப்பித்த ஆணையால், நிலையான குடும்பப் பெயர் இல்லாத மக்களுக்கு அகரவரிசைப் பட்டியல் ஒன்றிலிருந்து பெயர்கள் வழங்கப்பட்டன. அதனால் அங்கே அரிதான ஸ்பானியப் பெயர் கண்ணில் பட்டால் ரத்த உறவுக்கு அது சான்றாகாது.

இன்னொன்று: பெயர் போனதும் பிள்ளைகள் போனதும் ஒன்றல்ல. 1549-ல் பிரேசிலில் இறங்கி, அங்குள்ள பழங்குடியினரின் துப்பி மொழி கற்றுப் பிரசங்கம் செய்த ஹுவான் தே அஸ்பில்குவேட்டா நவாரோ ஓர் இயேசு சபைத் துறவி. பிரேசில் வரலாற்றில் அவர் பெயர் இருக்கிறது என்பதற்காக அங்குள்ளவர்களை அவர் வம்சம் என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு!

படி 4: பெயர் எந்த இடத்தைக் காட்டுகிறது

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அடர்த்தி காட்டிய மாகாணத்தின் ஊர்ப் பட்டியலை எடுங்கள். கிராமம், குக்கிராமம், தனி வீடு வரை இறங்கித் தேடுங்கள். நவாரின் வடக்கே பாஸ்தான் பள்ளத்தாக்கில் 15 கிராமங்கள். எலிசோன்தோ தலைமை ஊர். அந்தப் பதினைந்தில் ஒன்று அஸ்பில்குவேட்டா. பாஸ்க் ஊர், வீட்டுப் பெயர்களுக்கு எவுஸ்கால்ட்சைந்தியா எனப்படும் பாஸ்க் மொழிக் கழகத்தின் பெயர்த் தரவுத்தளத்தைத் திறந்தால், ஏற்கப்பட்ட எழுத்து, பழைய வடிவங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்.

பெயருக்குப் பொருள் சொல்லுமுன் பழைய வடிவங்களைக் காலவரிசையில் அடுக்குங்கள். அஸ்பில்குவேட்டாவின் ஈற்றில் உள்ள '-எட்டா' பாஸ்க்கில் இடத்தையோ பன்மையையோ குறிக்கும் விகுதி. ஊர்ப்பெயர்களில் கணக்கின்றி வருவது. முன்பகுதியைப் பார்த்தவுடன் 'அஸ்பி' என்றால் 'கீழ்' என்று அகராதி சொல்கிறதே எனப் பிரித்துப் பொருள் கூறத் தோன்றும். இந்த வழியில்தான் பாதிப் பெயர்களுக்குக் கற்பனைப் பொருள் முளைத்திருக்கிறது. இன்றைய வடிவத்தை இன்றைய அகராதியால் வெட்டக் கூடாது.

முறையாகச் செய்தால் எப்படி வரும் என்பதற்கு ஹவியேரே நல்ல பாடம். இதன் மூலம் பாஸ்க்கின் 'எட்செ பெர்ரி', அதாவது 'புது வீடு'. ரொமான்ஸ் மொழி (லத்தீனிலிருந்து பிறந்தது) பேசுவோர் வாயில் அழுத்தம் விழுந்த 'எ' 'இயெ' ஆக உடைந்தது, முதல் உயிர் உதிர்ந்தது. நவாரை அடுத்த அரகோனில் உள்ள ஹவியெர்ரே என்ற ஊர்ப்பெயரும் குடும்பப் பெயரும் அதே வேர். பாஸ்க் நாட்டிலேயே தங்கிவிட்ட எச்செவெர்ரியாவும் அதே வேர். தொடக்க மெய் அன்று 'ஷ' ஒலி. ஸ்பெயினில் பின்னர் அது தொண்டையில் இறங்கி 'ஹ' போல ஆயிற்று. போர்த்துகீசியத்தில் 'ஷ' அப்படியே நின்றது. கடற்கரை மக்கள் போர்த்துகீசியர் வாயிலாகக் கேட்டுச் சொன்ன 'சவேரியார்', இன்றைய மத்ரித்காரரின் உச்சரிப்பைவிடப் பழைய ஒலிக்கு நெருக்கமானது. நம் ஊர் சவேரியார்களுக்கும் சேவியர்களுக்கும் பெயர் ஞானஸ்நானத்தில் வந்தது. அதே போலத்தான் ஸ்பெயினில் இன்று ஹவியேர் என்று அழைக்கப்படும் பலருக்கும். துறவியின் பெயர் சூட்டுப்பெயராக மாறியது, குடும்பத்தோடு தொடர்பில்லை.

படி 5: வீடு எப்படிப் பெயர் கொடுத்தது

பாஸ்தான் பக்கத்தில் வீட்டுக்குத்தான் பெயர் நிலையானது. ஆட்கள் மாறுவார்கள். சொத்தைப் பங்கு போடாமல் ஒரே வாரிசுக்கு விட்டுப்போவது வழக்கம், அது மகளாகவும் இருக்கலாம். அப்போது மருமகன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்வார். ஹவியேர் கோட்டையே மரியா தே அஸ்பில்குவேட்டாவின் வழியாக வந்த சொத்துதான். மற்ற பிள்ளைகள் வேறு வீட்டில் மணமுடித்தோ, துறவற சபையில் சேர்ந்தோ, கப்பலேறியோ போக வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, சொந்த ஊரிலேயே அந்தப் பெயர் மறைந்துபோகலாம். குடும்பப் பெயர் தந்தைவழி என்று இறுகிய பிறகு, வீட்டுக்கு வந்த மருமகன்களின் பெயர் பிள்ளைகளுக்குப் போனது, வீட்டுப் பெயர் சுவரோடு நின்றது. ஊரை விட்டுப் போனவர்களிடமே பெயர் பிழைத்தது. அரிதான பெயர் பிறந்த ஊரில் ஒருவரும் இல்லை என்று கண்டு தேடலைக் கைவிடாதீர்கள். இரண்டு, அதே ஊரைச் சேர்ந்த, ஒட்டும் உறவும் இல்லாத பலர் வெளியூரில் அந்த ஊர்ப்பெயராலேயே அழைக்கப்பட்டிருக்கலாம். பெயர் அரிது என்பதால் எல்லாரும் ஒரே கொடிவழி என்று சொல்லிவிட முடியாது.

படி 6: ஏடுகளில் பின்னோக்கிப் போவது

தெரிந்த கடைசி ஆளிலிருந்து பின்னோக்கி மட்டுமே நடங்கள். புகழ்பெற்ற அஸ்பில்குவேட்டாவிலிருந்து (1492–1586 காலத்தவரான பொருளியல் அறிஞர் மார்த்தின் தே அஸ்பில்குவேட்டா பலருக்கும் ஆசை காட்டுவார்) கீழிறங்கி உங்களை வந்து சேர முயன்றால் தவறான கொடியில்தான் ஏறுவீர்கள். தவிர, அவரும் ஒரு குருவானவர்.

குடிமைப் பதிவு 1871 ஜனவரி 1-ல் தொடங்கியது. பிறப்புப் பதிவின் முழு நகலைக் கேளுங்கள், சுருக்கச் சான்றிதழ் உதவாது. பழைய பதிவுகளில் பெற்றோரோடு தாத்தா பாட்டிமார் நால்வரின் பெயரும் ஊரும் இருக்கும், ஒரே தாளில் மூன்று தலைமுறை. கட்டணம் இல்லை. நீதி அமைச்சகத்தின் இணையதளம் வழியாகவோ ஊர்ப் பதிவகத்துக்கு எழுதியோ கேட்கலாம். தேதி தெரியாவிட்டால் சில ஆண்டு இடைவெளியாவது கொடுங்கள், இல்லாவிட்டால் தேட மாட்டார்கள். பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் தங்கள் பெயரையே வைத்திருப்பது ஸ்பானிய ஆராய்ச்சியின் பெரிய வசதி.

1871-க்கு முன் தேவாலய ஏடுகள்தான்: ஞானஸ்நானம், திருமணம், இறப்பு. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563-ல் முடிந்த பிறகு எல்லாப் பங்குக் கோயில்களிலும் ஏடு வைப்பது முறையாயிற்று. சில இடங்களில் அதற்கு முன்பே உண்டு. பிஸ்காயா, கிபுஸ்கோவா, ஆலவா மாகாணங்களின் ஏட்டுக் குறிப்புகளை 'தோகுக்லிக்' தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். நவாருக்குப் பாம்ப்லோனா மறைமாவட்ட ஆவணக்காப்பகத்தை நாட வேண்டும். 'ஃபேமிலி சர்ச்' தளத்திலும் ஸ்பெயினின் பல மறைமாவட்ட ஏடுகள் இலவசம். திருமணப் பதிவிலிருந்து தொடங்குவது நல்லது. இருவரின் பெற்றோர், ஊர் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடைக்கும். போர்களில் எரிந்துபோன ஏடுகளும் உண்டு. அப்போது பத்திரப் பதிவாளர்களின் கட்டுகளில் திருமண ஒப்பந்தமும் உயிலும் தேடுங்கள். ஒரே வாரிசு முறை இருந்த ஊர்களில் வீடு யாருக்கு என்பதைத் திருமண ஒப்பந்தமே எழுதிவைத்திருக்கும்.

1500-களுக்கு முன்னே போகும்போது பெயரை இழையாகப் பிடிப்பதை விட்டுவிட்டு சொத்தைப் பிடியுங்கள். அண்ணன் தம்பிக்கு வேறு வேறு பெயர் இருந்த காலம் அது. நவாரில் 1366, 1427 ஆண்டுகளில் எடுத்த அடுப்புக் கணக்குகள் (ஓர் அடுப்பு என்றால் ஒரு வீடு) பாம்ப்லோனாவில் உள்ள நவார் அரச ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

பொதுவான வழிகாட்டிகள் எல்லாம் 1749-ல் தொடங்கிய என்செனாதா நிலக் கணக்கெடுப்பைப் பார்க்கச் சொல்லும். அது காஸ்டில் மகுடத்தின் மாகாணங்களுக்கு மட்டும். நவாரும் பாஸ்க் மாகாணங்களும் அதில் சேரவில்லை. அதே போல பிரபுத்துவ வழக்குகளுக்கு (பிரபுக் குலம் என்று நிரூபிக்க நடந்தவை) காஸ்டிலின் வயாதோலித் உயர்நீதிமன்றக் கட்டுகளைப் புரட்டச் சொல்வார்கள். நவாருக்குச் சொந்த நீதிமன்றங்கள் இருந்ததால் அந்த வழக்குகள் பாம்ப்லோனாவிலேயே கிடக்கின்றன. அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு செவியாவில் உள்ள இண்டீஸ் ஆவணக்காப்பகம், அதை ஸ்பெயின் அரசு ஆவணக்காப்பகங்களின் 'பாரெஸ்' தளம் வழியாக வீட்டிலிருந்தே தேடலாம்.

கேடயச் சின்னம் பற்றி

"உங்கள் குடும்பப் பெயரின் கேடயம்" என்று சட்டகத்தில் மாட்டி விற்பதை வாங்காதீர்கள். சின்னம் ஒரு வீட்டுக்கோ கொடிவழிக்கோ வழங்கப்படுவது, பெயருக்கு அல்ல. பாஸ்தான் இன்னும் விசித்திரம். அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் மொத்தப் பேருக்கும் 1440-ல் பிரபுத்துவ நிலை உறுதிசெய்யப்பட்டது. கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம் போட்ட கேடயத்தைப் பள்ளத்தாக்கு முழுவதுமே தன் வீட்டு வாசல்களில் செதுக்கிவைத்தது. அஸ்பில்குவேட்டா என்ற பெயரோடு அந்தக் கட்டத்தைக் கண்டால், ஊரைப் பற்றி அது சொல்கிறது. எந்த வீடு என்பதை அது சொல்லாது.

எழுதிவைக்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று விவரங்கள் தவறாமல் இருக்கட்டும்: எந்த ஆண்டின் ஜனவரி 1 நிலவரம், எந்தெந்த எழுத்து வடிவங்கள் சேர்ந்தவை, முதல் பெயரா மொத்தமா. ஐந்தாண்டு கழித்து நீங்களே மறுபடி எண்ணும்போது, 180 பேர் 230 ஆனதற்குக் காரணம் பிள்ளைகளா, அல்லது அப்போது 'கே' வடிவத்தைச் சேர்க்க மறந்ததா என்று அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.